நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக் கறிக்குழம்பு

சேவூர் நெசவுத் தெருவில் திலகவதி வீட்டு கேஸ் தீர்ந்து ஏழு மாதமாகிறது. குழம்பு மட்டும் தினமும் கொதிக்கிறது. சிலிண்டர் கொண்டுவருபவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

காரணம் ஒரு சமையல் புத்தகம். சென்னையில் பெரிய ஹோட்டல் வைத்திருக்கும் சக்கரவர்த்தி போட்டது. திலகவதி ஆசையாகத்தான் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பக்கம் என்று சமைத்தாள். முந்திரி அரைத்து ஊற்றிய பனீரை அவள் கணவன் குப்புராஜ் தட்டை வழித்துத் தின்றான். நல்ல புத்தகம், அதில் பொய் சொல்ல முடியாது. அப்புறம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. 'எங்கள் பரம்பரைக் கறிக்குழம்பு' என்று தலைப்புப் போட்டு, பட்டை கிராம்பைத் துணியில் முடிந்து பட்டு நூலால் கட்டச் சொல்லியிருந்தது. பட்டு நூலால் மசாலா கட்டச் சென்னையில் எவனுக்குத் தோன்றும்? தறியில் மிஞ்சிய நூல் கிடக்கிற வீட்டில்தான் தோன்றும். மூன்று வருடம் முன்பு தன் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த சக்கரவர்த்தி, இவள் வீட்டில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டு, பக்குவம் கேட்டு போனில் குறித்துக்கொண்டு போனவர்.

"என் கையால தின்னுட்டு, அவன் பரம்பரையாம்! என் பேரு எங்கடா?" என்று திலகவதி கத்தினாள். பற்றவைக்காத அடுப்பில் குழம்பு தளதளவென்று கொதித்தது.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும். தெருக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பால் குண்டானோடு வந்தார்கள். "அக்கா, ஜல்தியா ஒரு வாட்டி படிங்க, புள்ள அழுதுகினு இருக்குது" என்பாள் எதிர்வீட்டு ஹேமலதா. திலகவதி படிப்பாள், பல்லைக் கடிப்பாள், பால் பொங்கும். நடுவில் சக்கரவர்த்திக்கு எட்டுக் கடிதம் போட்டாள். அவள் கேட்டது பணமில்லை, பெயர்.

ஆடியில் பதில் வந்தது: அடுத்த பதிப்பில் திருத்துகிறோம். தெருவே வாடிப்போனது. "பேரு போட்டுட்டான்னா, அடுப்பு?" என்று மெல்லக் கேட்ட குப்புராஜ் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

புதுப் புத்தகம் வந்த அன்று வாசலில் கூட்டம். 'ஆரணிப் பக்கத்து நெசவாளிப் பெண் ஒருவரின் கைப்பக்குவம்' என்றிருந்தது. ஒருவராம்! திலகவதி புத்தகத்தைப் படாரென்று மூடினாள். நாற்பது வீட்டிலும் அடுப்பில் வைத்தது, வைக்காதது எல்லாம் ஒரே சமயத்தில் பொங்கி வழிந்தது, தண்ணீர்க் குடம் உட்பட.

இப்போது அந்தத் தெருவில் யாரும் சிலிண்டருக்குப் பதிவு செய்வதில்லை. காலையில் உலை வைத்துவிட்டுத் தறியில் உட்காருகிறார்கள். வைக்கும்போது திலகவதி பெயரை ஒரு தரம் சத்தமாகச் சொல்கிறார்கள். சொல்லாத வீட்டில் உலை கொதிப்பதில்லை.