பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒரு வினாத்தாள்

கியோஜ்ஜா ஊர்க்காரர் ஒருவர் வாயைத் திறந்தால், காயலுக்கு அக்கரையில் வெனிஸ் புறாக்கள் கூட்டமாக எழும்பிப் பறக்கும். அப்படிப்பட்ட ஊரில் சத்தமில்லாத இடம் ஒன்று கேட்டு அலைந்தாள் ஒரியானா.

உளவியலில் முனைவர் பட்டத்துக்காக, ஆங்கில வினாத்தாள் ஒன்றை அவள் இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்திருந்தாள். 'எனக்குச் சட்டென்று கோபம் வரும்', 'அடுத்தவர் கஷ்டம் என்னைத் தொடாது' என்று வரிசையாக வாக்கியங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட வேண்டும்; ஒன்று என்றால் 'இல்லவே இல்லை', ஐந்து என்றால் 'முழுக்க உண்மை'. மொழிபெயர்ப்பை நம்பலாமா என்று பார்க்க, அதே ஆட்கள் சில வாரம் கழித்து மறுபடி நிரப்புவார்கள். இரண்டு தடவையும் ஒருவருக்கு ஏறக்குறைய ஒரே குணம் வந்தால் வினாத்தாள் தேறியது. வராவிட்டால் பட்டம் தள்ளிப்போகும். த்ரியெஸ்தே நகரில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலையும் கைநழுவும்.

முதல் தடவை, ஓய்வுபெற்ற மீனவர்களும் அவர்களுடைய மனைவிமாரும் நகர நூலகத்தில் சமர்த்தாக எழுதிக் கொடுத்தார்கள். பிறகு கூரை ஒழுகி நூலகத்தைப் பூட்டிவிட்டார்கள். சீட்டாட்ட மன்றத்தில் உட்காரவைத்தால் ஒருவன் குணத்தை ஊரே கூடி நிரப்பும். வீடு வீடாகப் போகலாம். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்தே தீரவேண்டும், மறுத்தால் ஜென்மப் பகை. அத்தனை காபி குடித்து உயிரோடு திரும்பியவர் இல்லை.

தேவாலயத்துப் பங்குச் சாமியார் இஜீனோதான் கைகொடுத்தார்.

"என் கோயிலுக்குக் கூட்டிட்டு வாம்மா. பாவசங்கீர்த்தனத் தொட்டி நாலு சும்மாத்தான் கெடக்கு. உள்ள போயிட்டா ஈகூட மூச்சு விடாது."

உண்மைதான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் அந்த மரக்கூண்டுகளுக்குள் ஒவ்வொருவராகப் போனார்கள், முழங்கால் போட்டார்கள், எழுதினார்கள். ஊர் உண்டான நாளிலிருந்து அவ்வளவு அமைதி அங்கே நிலவியதில்லை. ஒரியானாவுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

அன்று மாலை எண்களைக் கணினியில் ஏற்றியபோது வேறு கண்ணீர் வந்தது. போன தடவை கோபத்துக்கு ஒன்று போட்ட ஆர்தூரோ, இப்போது ஐந்து போட்டிருந்தார். தெருப் பூனைகளுக்கெல்லாம் சோறு வைக்கும் க்ளேலியா, அடுத்தவர் கஷ்டம் தன்னைத் தொடவே தொடாது என்று எழுதியிருந்தாள். அந்தத் தாள்களைப் படித்தால் சாத்தானே மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டு ஓடியிருப்பான்.

மறுநாள் காலை, மதுக்கடை வாசலில் வெள்ளை ஒயினோடு உட்கார்ந்திருந்த ஆர்தூரோவைப் பிடித்தாள்.

"மாமா, போன மாசம் கோவமே வராதுன்னு எழுதினீங்க. நேத்து எப்பப் பாத்தாலும் வரும்னு எழுதியிருக்கீங்களே?"

"நல்லாக் கேட்ட போ! அந்தத் தொட்டிக்குள்ள மண்டி போட்டுக்கிட்டு எவனாவது நான் நல்லவன்னு சொல்லுவானா? அதவிடப் பெரிய பாவம் உண்டா?"

"ஐயோ மாமா! சரி, இப்ப இங்கயே இன்னொரு தாள் தர்றேன். உள்ளபடி எழுதுங்க."

"குடு. எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"அதெப்படி?"

"வெளிய வந்தப்ப சாமியாரு பழக்கதோஷத்துல பாவமன்னிப்பு குடுத்துட்டாரு. இப்ப எங்கிட்ட ஒரு பாவமும் கெடையாது, கழுவி வச்ச தட்டு மாதிரி இருக்கேன். க்ளேலியாவும் அப்படித்தான். பொய்யா எழுதச் சொல்றியா?"

ஒரியானா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். நேற்று ஊரே பாவிகள்; இன்று ஊரே புனிதர்கள். அவள் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியை வைத்த கெடு செவ்வாய்க்கிழமை.

அவள் முகத்தைப் பார்த்து ஆர்தூரோவுக்கு மனசு கேட்கவில்லை.

"அழாத புள்ள. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எம் மச்சான் சாப்பிட வர்றான். அது முடிஞ்சு வந்து பாரு."

"மத்தவங்க?"

"அவங்களுக்கும் மச்சான் இருக்கான்ல!"

ஞாயிறு மதியம் ஆர்தூரோ வீட்டில் வெங்காயமும் வினிகரும் போட்டு ஊறவைத்த மத்தி மீன் வந்தது. வினிகர் தூக்கல் என்றான் மச்சான். அடுத்து எழுந்த கூச்சலில் துறைமுகத்துப் படகுகள் கயிறு அறுத்துக்கொண்டதாகக் கேள்வி. மற்ற வீடுகளிலும் அதே மணிக்கு அதே கச்சேரி. பொழுது சாய்வதற்குள் ஊரில் ஒரு புனிதர் பாக்கியில்லை.

திங்களன்று விடிந்ததும் ஒரியானா வேறு வழியில்லாமல் வீடு வீடாக ஏறினாள். சமையலறையில் காவல்காரி மாதிரி எதிரே உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் தனியாக எழுதவைத்து, வைத்த காபியையெல்லாம் குடித்தாள். கடைசி வீட்டில் கை நடுக்கத்தில் அழைப்புமணி தானாகவே அடித்தது.

முதல் தாளும் இந்தத் தாளும் அண்ணன் தம்பிபோல ஒத்துப்போயின. கோயில் எண்களையும் மறைக்காமல் கொண்டுபோய் வைத்தாள். பேராசிரியை இர்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"தேறிடுச்சு. ஆனா இதை எங்க வச்சுக் குடுக்கலாம், எங்க வச்சுக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு பக்கம் எழுதிச் சேத்துடு. போ, போய்த் தூங்கு."

தூங்குவதாவது! அத்தனை காபியும் உள்ளே இருக்க, வியாழக்கிழமைவரை அவள் கண் மூடவில்லை. அந்த ஒரு பக்கம் எண்பது பக்கமாக வளர்ந்துவிட்டது.