அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தவறுதலாக என் பெயரில் பதிவாகிவிட்டது. எப்படி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு கண் மருத்துவமனையில் என் இடது கண்ணுக்குப் புரை நீக்கும் ஆபரேஷன் நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் பதிவு கவுன்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், முகவரி, வயது, தொழில். (‘எழுத்து’ என்று போட்டேன். கவுன்டரில் இருந்த பெண் "எந்த ஆபீஸ்ல சார்?" என்று கேட்டார்.) கடைசிக் கட்டம்: ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்.’

இரண்டு வருஷம் முன்பு வரை அங்கே எழுத என்னிடம் ஒரு எண் இருந்தது. என் மனைவியின் எண். அவள் போன பிறகு அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் பழக்கதோஷத்தில் அழைத்துவிட்டேன். யாரோ ஒரு டைல்ஸ் கடைக்காரர் எடுத்தார். எனவே கட்டத்தைக் காலியாக விட்டேன்.

"கூட யாரு சார் வர்றாங்க? ஆள் இல்லாம வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

"வந்துடுவாங்கம்மா" என்று வாய்கூசாமல் சொன்னேன்.

ஆபரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு மாடியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரப்போவதில்லை என்பதை நர்ஸிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பச்சைப் பையும் நனைந்த குடையுமாக, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் பின்படிக்கட்டு வழியாக மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யாருக்கு ஆபரேஷன்? யாருக்கு?"

நர்ஸ் என்னைக் காட்டினார். "உங்க நம்பர்தானே குடுத்திருக்காரு?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். முகத்தில் இருந்த பயம் வடிந்தது. ஏமாற்றம் வந்தது. (ஏமாற்றமா, நிம்மதியா? நான் ஒற்றைக் கண்ணால் பார்த்தது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) பிறகு என்ன நினைத்தாரோ, நர்ஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

இரண்டு வருஷமாக என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. யார், எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து பின்னால் போனேன்.

2

கதையைக் கவுன்டர் பெண்ணிடமிருந்து ஆரம்பிக்க நினைத்தேன். மூன்று முறை ஆரம்பித்தேன்.

‘நாளொன்றுக்கு நூற்றிருபது பேரின் விவரம் கேட்கும் அவளிடம் இதுவரை யாரும் ஒரு—’ (வேண்டாம். முதல் வரியிலேயே பரிதாபப்பட்டால் கதை படுத்துக்கொள்ளும்.)

‘மருத்துவமனைக்குப் புதிய மென்பொருள் வந்த அன்று, அனைத்து ஊழியர்களும்—’ (இது ஆண்டறிக்கை.)

‘அக்காவின் எண்ணைத் தவிர வேறு யாருடைய எண்ணும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியாது.’

இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

அக்காவின் எண்ணைத் தவிர வேறு யாருடைய எண்ணும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரியாது. அதனால்தான் பயிற்சி கொடுக்க வந்தவர், "சும்மா ஒரு பதிவு போட்டுப் பாருங்க" என்றபோது, தன் பெயரையே போட்டுக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்தவள் கடைசிக் கட்டத்தில் தயங்கினாள். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் பதிவு ஏறாது. பத்துப் பூஜ்யம் தட்டலாம் என்று கையைக் கொண்டுபோனாள். விரல்கள் அக்காவின் எண்ணைத் தட்டிவிட்டன. சோதனைப் பதிவுதானே என்று அழிக்காமல் விட்டாள். அழிக்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

மறுநாளிலிருந்து கூட்டம். ஒரு நோயாளிக்கு முப்பத்திரண்டு கட்டம். மாவட்டம், பகுதி, பிரிவு, மருத்துவர் எல்லாம் பெரும்பாலும் ஒன்றேதான். திரையின் மூலையில் ‘நகல் எடு’ என்று ஒரு பொத்தான் இருப்பதைக் கண்டுபிடித்தாள். பழைய பதிவு ஒன்றைத் திறந்து அதை அழுத்தினால் எல்லாக் கட்டமும் நிரம்பிய புதுப் பதிவு வந்துவிடும். மாறுவதை மட்டும் மாற்றினால் போதும். பட்டியலில் முதலில் இருந்தது அவளுடைய சோதனைப் பதிவு. அதையே நகல் எடுத்தாள். பெயர், வயது, முகவரி, எந்தக் கண். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் திரையைக் கீழே இறக்கி அதையும் மாற்றுவாள். காலியாக இருந்தால் கீழே இறங்கவே வேலை இல்லை. சேமி. அடுத்த டோக்கன்.

ஆபரேஷன் தொடங்கும் நேரத்தில் மென்பொருள் தானாகவே ஒரு மெசேஜ் அனுப்பும்: ‘உங்கள் எண்ணை அவசரத் தொடர்பாகக் கொடுத்தவருக்கு இன்று அறுவை சிகிச்சை. நேரில் வரவும்.’ நோயாளியின் பெயர் அதில் இருக்காது. அது விதி.

(இந்தப் பகுதியில் அந்தப் பொத்தானும் மெசேஜும் மட்டும்தான் நான் பார்த்தது. விரல்கள் தானாகத் தட்டியது என் சரக்கு.)

3

இது நடந்தது. வாடகைக் காரில், என் வீடு வரும் வரையில்.

"ஏதோ தப்பு நடந்திருக்குங்க. நான் உங்க நம்பரைக் குடுக்கல" என்றேன்.

"தெரியும். இது ஏழாவது தடவை." பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "முதல்ல ஒரு தையல்காரர். அப்புறம் ஒரு பஸ் டிரைவர். காது கேக்காத ஒரு வாத்தியார்கூட வந்தாரு. எல்லாரையும் வீட்டுல விட்டுட்டுத்தான் போனேன். நீங்கதான் கேள்வி கேக்கறீங்க."

"நம்பர் தப்புன்னு ஆஸ்பத்திரில சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா மாத்திடுவாங்களே."

இரண்டு தெரு தாண்டியதும், "கீழ கவுன்டர்ல இருக்காளே, அவ என் தங்கச்சி. குண்டூசின்னுதான் கூப்பிடுவேன். அவ்வளவு ஒல்லி, அவ்வளவு குத்தல். அம்மா போன அன்னிக்குப் பதினோரு தடவை அவளைக் கூப்பிட்டேன். எடுக்கல. எல்லாம் முடிஞ்சு மறுநாள் வந்து நின்னா. ‘இனிமே உனக்கு ஒண்ணுன்னா என்னைக் கூப்பிடாதே’ன்னுட்டேன். ஆறு வருஷமாச்சு. சொன்னதை அப்படியே காப்பாத்தறா, பாவி" என்றார்.

"அப்புறம்தான் மெசேஜ் வந்ததா?"

"அந்த ஆஸ்பத்திரில என் நம்பரைக் குடுக்க அவளை விட்டா யாரு இருக்கா? அவளுக்குத்தான் என்னமோன்னு அடுப்பைக்கூட அணைக்காம ஓடினேன். போய்ப் பாத்தா தையல்காரர். ரெண்டாவது தடவை, தப்பாத்தான் இருக்கும்னு தெரிஞ்சும் ஓடினேன். நிஜமாவே அவளா இருந்துட்டா?"

"போய்ப் பேசலாமில்ல?"

"பின்படிக்கட்டு திரும்பற இடத்துல ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கு. அங்க நின்னா கவுன்டர் தெரியும். அவ பின்னந்தலையைப் பாத்துட்டு வந்துடுவேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லா நரைச்சுடுச்சு. சாயமெல்லாம் போடறதில்ல போல."

என் வீட்டுப் பூட்டை அவரே திறந்தார். சொட்டு மருந்தை மேஜையில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார். "மறக்காம போட்டுக்குங்க. அவகிட்ட மட்டும் எதையும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

4

ஒரு திருத்தம். முதல் பகுதியில் அவர் கையில் நனைந்த குடை இருந்ததாக எழுதியிருக்கிறேன். அன்று மழையே இல்லை. வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

நானும் நகல் எடுத்துத்தான் எழுதுகிறேன். பழைய கதை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு வயதை மாற்றுவேன், தொழிலை மாற்றுவேன். மாற்ற மறந்தது அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்தக் குடை என் மனைவியுடையது. என் கதைகளில் வரும் பெண்கள் எல்லோரும் எங்காவது ஓரிடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அழிக்க மனசு வரவில்லை. இங்கேயும் இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய சந்தேகம் தங்கையைப் பற்றியது. பதினோரு அழைப்புகளை அவள் ஏன் எடுக்கவில்லை? ஒரு வரைவில் போனை வேலையிடத்தில் மறந்துவிட்டாள். இன்னொன்றில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மூன்றாவதில் போன் கையிலேயே இருந்தது. என்ன செய்தி என்று தெரிந்துவிட்டதால், எடுக்காதவரை அம்மா இருப்பாள் என்று அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நான் மூன்றாவதை நம்புகிறேன். காரணம், அந்த டைல்ஸ் கடைக்காரர் எடுக்கும் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

இன்னும் ஒன்று. நான் அஞ்சல் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள். அவ்வளவு கண்ணும் கருத்துமாக இருப்பவள், ஏழு முறையும் கடைசிக் கட்டத்தைப் பார்க்கவே இல்லையா? அல்லது ஒருமுறை பார்த்துவிட்டு, அந்த எண் எங்காவது உயிரோடு இருக்கட்டும் என்று—

(தெரியாது. இந்த வாக்கியத்தை முடிக்கும் உரிமை எனக்கு இல்லை.)

முடிவு ஒன்று: எட்டாவது முறை தங்கை தற்செயலாகத் திரும்புகிறாள், அக்காவைப் பார்க்கிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: தவறு திருத்தப்படுகிறது. அதன் பிறகு அக்காவுக்கு எந்த மெசேஜும் வருவதில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். (இதுதான் நடக்கும் போல இருக்கிறது. எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.)

முடிவு மூன்று: எதுவும் மாறுவதில்லை. காலிக் கட்டக்காரர்களுக்கெல்லாம் ஒருவர் ஓடி வந்துகொண்டே இருக்கிறார். எனக்கும். (இது முடிவு அல்ல, என் சுயநலம்.)

5

இன்று வலது கண்ணுக்குப் பதிவு செய்ய வந்திருக்கிறேன். வியாழக்கிழமை ஆபரேஷன். டோக்கன் பதினான்கு. கவுன்டருக்கு எதிரே, வரிசை நாற்காலியில், முழங்கால்மேல் தாளை வைத்து இந்தப் பகுதியை எழுதுகிறேன். கவுன்டர் கண்ணாடியில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: ‘ஒரே தொடர்பு எண் பல பதிவுகளில் இருந்தால், வரும் ஒன்றாம் தேதி முதல் அந்த எண் நீக்கப்படும்.’ ஒன்றாம் தேதி சனிக்கிழமை.

பன்னிரண்டாம் டோக்கனிடம் அந்தப் பெண் கேட்பது காதில் விழுகிறது. "பழைய விவரத்தையே நகல் எடுத்துடவா? எதுவும் மாறலையே?"

என்னிடமும் அதையேதான் கேட்பார். நான் வாயைத் திறக்கப் போவதில்லை. வாக்கு வாக்குதான். ஆனால் சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். எழுத மாட்டேன் என்று கொடுக்கவில்லை. படிவத்தோடு சேர்த்து இந்தத் தாள்களையும் கண்ணாடிக்குக் கீழே உள்ளே தள்ளிவிடுவேன்.

ஆக, இவ்வளவு நேரமும் ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது உங்களிடம்தான், அம்மா. கதைக்காக உங்களை ‘அவள்’ என்று எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். விரல்கள் தானாகத் தட்டினவா, அந்தப் போன் கையிலேயே இருந்ததா, கடைசிக் கட்டத்தை நீங்கள் பார்த்தீர்களா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நான் தப்பாக எழுதியிருந்தால் அடித்துத் திருத்துங்கள்.

முடிவையும் நீங்களே எழுதுங்கள். என் படிவத்தில் கடைசிக் கட்டம் இந்த முறையும் காலி. மாற்றாமல் சேமித்தால் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மெசேஜ் போகும். பத்தரை மணிக்குள் ஒரு பச்சைப் பை பின்படிக்கட்டில் ஏறி, ஜன்னல் பக்கம் ஒரு நிமிஷம் நிற்கும். நீங்கள் திரும்பிப் பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். இல்லை, வயதான காலத்தில் அவரை அப்படிப் பதறி ஓட வைக்க வேண்டாம் என்று தோன்றினால், எண்தான் உங்களுக்கு மனப்பாடமாயிற்றே.

பதின்மூன்று எழுந்து போகிறார். கடைசியாக ஒன்று.

எப்படியானாலும் வியாழக்கிழமை யாராவது ஒருவர் என்னை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டு பேராக வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.