மூன்றாவது புரூஃப்

தங்கையின் இரங்கல் அறிவிப்பை அண்ணனே தட்டச்சு செய்துகொண்டிருந்தான். சொந்தமாக அச்சகம் வைத்திருந்தால் இந்தக் கொடுமையையும் அனுபவித்துத்தான் தீர வேண்டும். பெயர், வயது, நாளை காலை பத்து மணிக்கு அடக்கம், எல்லாம் மளமளவென்று வந்துவிட்டன. ‘இவரைப் பிரிந்து வாடும்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

தங்கையோடு பதினொரு வருடம் குடும்பம் நடத்தியவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். இதே அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள். வேறு யார் பார்த்தாலும் பிழை விட்டுவிடுவார்கள் என்று சாவு வீட்டிலிருந்து எழுந்து வந்திருந்தாள். ஒரே வேதத்துக்கு அந்த ஊரில் இரண்டு சபை. அவளுடைய சபைப் போதகர் இருவரையும் முன்னால் நிறுத்தி, உறுதிமொழி சொல்ல வைத்து, ஆசீர்வதித்தார். அண்ணன் மூப்பராக இருக்கும் சபையிலோ அது கல்யாணமே இல்லை. தங்கை புருஷனென்றால் மாப்பிள்ளை என்று கூப்பிடலாம். தங்கை பெண்டாட்டிக்கு என்ன முறை வைப்பது? அவள் அவனை அண்ணா என்றாள். அவன் அவளை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் பதினொரு வருடத்தை ஓட்டிவிட்டான்.

‘தோழி’ என்று போட்டு முதல் தாளை நீட்டினான். அவள் சிவப்புப் பேனாவால் அதை அடித்து, ஓரத்தில் ‘மனைவி’ என்று எழுதினாள்.

“அப்படிப் போட்டா கல்லறைத் தோட்டத்துல இடம் தரமாட்டாங்க. அது எங்க சபையோடது.”

“அம்மா பக்கத்துல படுக்கணும்னு அவ ஆசைப்பட்டா.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

“சபையை விடுங்கண்ணா. உங்களுக்கு என்ன தோணுது?”

“வேதத்துல இருக்கிறத நான் மாத்த முடியுமா?”

“எங்க போதகர் படிச்சதும் அதே வேதம்தான்.”

“அவர் படிச்ச லட்சணம்…” என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டான்.

இரண்டாவது தாளிலும் தோழிதான். மறுபடி சிவப்பு. யாருக்கும் வம்பு வேண்டாமென்று அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு மூன்றாவதை நீட்டினான். பிரிந்து வாட அண்ணன் ஒருவன்தான் மிஞ்சினான். நல்ல யோசனை என்றுகூட ஒரு கணம் நினைத்தான், வெட்கங்கெட்டவன்.

முதல் இரண்டு தாளிலும் அந்த ஒரு சொல்லோடு நின்றவள், இதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். ‘அடக்கம்’ என்பதில் விட்டுப்போன ஒற்றைச் சேர்த்தாள். பிறகு ‘அண்ணன்’ என்பதற்குப் பக்கத்தில், சொல் விடுபட்டால் போடும் கூரைக் குறியைப் போட்டு, அங்கிருந்து ஓரம்வரை கோடு இழுத்தாள். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

“என்ன சேர்க்கணும்?”

“நீங்களே எழுதுங்கண்ணா. நாளைக்கு அவ குழிகிட்ட என்னை யாருன்னு சொல்லி நிக்க வைப்பீங்களோ, அதை எழுதுங்க.”

பேனாவைத் தாள்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளேயிருந்து மெஷின்காரர், “ஓட்டலாமா?” என்றார். மூடி போடாத பேனா முனை பட்டிருந்த இடத்தில், வெற்று ஓரத்தில், மை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.