வியாழக்கிழமை எடுத்த நகல்

அந்த சர்வரைப் பத்மப்ரியாவிடம் ஒப்படைத்ததிலிருந்து வேதவல்லிக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

மருந்து கம்பெனியின் நூற்று நாற்பது விர்ச்சுவல் மெஷின்களும், அதாவது நிஜப் பெட்டிகளுக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள், எந்தப் பெட்டியில் ஓடுகின்றன, யார் எதைத் தொடலாம் என்ற விவரமெல்லாம் அந்த ஒரு சர்வரின் டேட்டாபேஸில்தான் இருந்தது. நாலு வருஷமாக அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவள் வேதவல்லி. மேனேஜர் ராகவேந்திரா அதைத் தூக்கி, அமீர்பேட்டில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வந்த செகந்திராபாத் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

"அக்கா, பயமா இருக்கு. எதாவது தப்பு பண்ணா சொல்லுங்க," என்றாள் பத்மப்ரியா.

"உனக்குத் தெரியாததா?" என்றாள் வேதவல்லி.

இரண்டே வாரத்தில் தப்பு கண்ணில் பட்டது. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் அதன் ஃபைல்களை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பாதி எழுதிய நிலையில் எடுத்த நகல் தேவைப்படும்போது திறக்காமல் போகலாம். எடுத்த நகலை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும்.

வேதவல்லி சொல்லவில்லை. வியாழக்கிழமை பத்மப்ரியா அரை நாள் லீவில் போனதும், பழைய பாஸ்வேர்டில் உள்ளே நுழைந்து, டேட்டாபேஸைச் சற்று நேரம் நிறுத்தி, சுத்தமாக ஒரு நகல் எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். என்றைக்காவது எல்லோரும் கையைப் பிசைந்து நிற்கும்போது அதை நீட்டவேண்டும். அந்தக் காட்சியை நினைக்கவே இனித்தது.

அந்த நாள் சனிக்கிழமை காலையே வந்துவிட்டது. கரண்ட் போனது, யூ.பி.எஸ். கைவிட்டது, டேட்டாபேஸ் சிதைந்தது. மெஷின்கள் மறுபடி கிளம்பி ஓடின. ஆனால் கட்டுப்படுத்த வழியில்லை. பத்மப்ரியாவின் நகல்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அவள் ராகவேந்திராவுக்கு போன் செய்தாள். "என் தப்புதான் சார். வேற யாரும் இல்ல."  சாக்குச் சொல்லவில்லை.

வேதவல்லி நகலை எடுத்துக் கொடுத்தாள். பதினோரு மணிக்கெல்லாம் சர்வர் எழுந்து உட்கார்ந்தது. வியாழனுக்குப் பிறகு செய்த நாலைந்து மாற்றங்களை மட்டும் கையால் போடவேண்டியிருந்தது.

"நீங்க இல்லேன்னா நான் தொலைஞ்சேன் அக்கா," என்று கையைப் பிடித்துக்கொண்டாள் பத்மப்ரியா.

அந்தப் பிடியை வேதவல்லியால் தாங்க முடியவில்லை. "உன் நகல் திறக்காதுன்னு எனக்கு முன்னாலேயே தெரியும். அதான் எடுத்து வச்சேன்."

பத்மப்ரியா கையை விட்டாள். "எதுக்கு அக்கா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பொறாமை," என்றாள் வேதவல்லி. ராகவேந்திராவிடமும் அவளே போய்ச் சொன்னாள். சர்வர் திரும்ப அவளிடம் வரவில்லை.

பத்து நாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு பத்மப்ரியா ஒரு தாளை அவள் மேசையில் வைத்தாள்: நகல் எடுத்ததும் அதை வேறொரு மெஷினில் தானாகவே திறந்து சோதிக்க அவளே எழுதிய ஸ்கிரிப்ட். நாலு வருஷத்தில் வேதவல்லிக்குத் தோன்றாதது. எங்காவது பிசகு இருக்குமா என்று இரண்டு தடவை தேடினாள். இல்லை.

"சரியா இருக்கு," என்றாள். அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.