கிடங்க மாமா, வரேன்

"தலைப் பக்கம் நீங்க பிடிங்க மாப்பிள்ளை, கால நான் பாத்துக்கறேன்," என்றார் சித்தப்பா. "மெதுவா. சுவரோரமா கிடத்திடலாம்."

கிடத்திடலாம் என்ற சொல் காதில் விழுந்ததும் மருமகனின் பிடி தளர்ந்தது. மாமனாரின் தலை பெஞ்சின் விளிம்பில் இடிக்க இருந்தது. நல்லவேளையாகக் கண்டக்டர் குறுக்கே கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"பாவம், ஆடிப்போயிட்டாரு மனுஷன்," என்று பின்னால் யாரோ சொன்னார்கள். "பெத்த அப்பா மாதிரி இல்ல வச்சிருந்தாரு மாமனார!"

அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமனாரின் சட்டைக் காலர் மடங்கியிருந்தது. அதைச் சரிசெய்தான். சரியாக இருந்த பொத்தானையும் ஒருமுறை சரிசெய்தான்.

மாமனார் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சித்தப்பா அவருடைய ஒரே தம்பி. கண்டக்டர் உறவு இல்லை. ஆனால் பல வருஷம் ஒரே வண்டியில் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலுமாகக் காலம் தள்ளியவர், உறவைவிட ஒரு படி மேல். செய்தி தெரிந்ததும் வந்தவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னால், "நின்னே பழகிப்போச்சு," என்றார்.

மனைவி அப்பாவின் காலருகே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு. கடையின் நீலச் சேலையை இன்னும் மாற்றவில்லை. அழுது ஓய்ந்த குரலில் மறுபடியும் கேட்டாள்.

"ஏங்க, கடைசியா அப்பா ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லம்மா. நான் போய்ப் பாக்கறப்பவே..."

"கூப்பிடக்கூட இல்லையா?"

"அடுத்த ரூம்ல வேலையா இருந்தேன். ஹெட்ஃபோன் போட்டிருந்தேன்."

ஹெட்ஃபோன் போட்டிருந்தது உண்மை. வேலை என்பது பொய். கூப்பிடவில்லை என்று அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாததும் பொய்தான் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? பெரிய பொய்யை முழுங்கச் சின்ன உண்மையைத் தொட்டுக்கொள்வது அவனுக்கு அன்றுதான் கைவந்தது.

விஷயம் இதுதான். மாமனார் கூப்பிட்டார். அவன் காதில் விழுந்தது. பதிலும் சொன்னான்.

மாமியார் போன பிறகு மாமனார் மகள் வீட்டோடு வந்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் வாய் சும்மா இருக்காது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் ஜாதகம் சொல்வார். "பாத்தீங்களா மாப்பிள்ளை, கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டறான். ஆறு மாசம் தாங்காது." மருமகன் ஓர் அச்சகத்துக்கு லேபிள் வடிவமைப்பவன். வீட்டிலிருந்தே வேலை. வேலை முடிந்ததும், சில நாள் முடிவதற்கு முன்பும், கணினியில் ஒரு விளையாட்டு. முகம் தெரியாத பலர் ஒன்றாகச் சேர்ந்து காட்டிலும் கோட்டையிலும் சண்டை போடும் விளையாட்டு. அதில் அவன் பெரிய வைத்தியன். அவன் வந்து கை வைத்தால் செத்தவன் எழுந்துவிடுவான். அந்தப் பாத்திரத்துக்குப் 'பெரியவன்' என்று வீட்டில் பெயர். மனைவி கிண்டலாக வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

பெரியவன் மட்டும் போதாது. வில் பிடிக்க ஒருவன், கேடயம் பிடிக்க ஒருவன், மந்திரம் போட ஒருவன் என்று உபரியாகச் சில பேரைக் கைவசம் வைத்திருந்தால்தான் குழுவில் மதிப்பு. அவர்களை முதல் லெவலிலிருந்து மேலே ஏற்றுவது மாடு மேய்க்கிற வேலை. பன்றி அடிக்க வேண்டும், மூலிகை பிடுங்க வேண்டும், மறுபடி பன்றி அடிக்க வேண்டும். ஒருநாள் கிளட்ச் புராணம் தாங்காமல் பழைய லேப்டாப்பை மாமனார் முன்னால் வைத்தான்.

"மாமா, சும்மாதானே இருக்கீங்க. இவன கொஞ்சம் ஏத்திவிடுங்க."

"இவன்னா? ஆளா, வண்டியா?"

"வண்டின்னே வச்சுக்கங்க."

மாமனாருக்கு அது பிடித்துவிட்டது. ஜன்னல் நாற்காலி அறைக்குள் போனது, வீடு அமைதியானது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று அவன் தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான். "ஐம்பதாம் லெவலுக்கு வந்ததும் நாம ரெண்டு பேரும் சேர்ந்து கோட்டைக்குப் போலாம் மாமா," என்று ஒரு வாக்கும் கொடுத்து வைத்தான்.

முதல் வண்டி ஐம்பதைத் தொட்டது. அவன் அதை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றைக் கொடுத்தான். "இது கேடயக்காரன் மாமா, இவன் வந்தா இன்னும் பலம். அப்புறம் போலாம்." இரண்டாவதும் தொட்டது. "மந்திரக்காரன் ஒருத்தன் குறையறான் மாமா." மாமனார் ஒருமுறையும் முகம் சுளிக்கவில்லை. புது வண்டி கொடுத்தால் ஓட்டிப் பழக்கித் தருவது டிரைவர் வேலை, கேள்வி கேட்பதில்லை. நாலாவதாகக் கிடைத்தவன் ஒரு வில்லாளி. குதிரை வாங்க ஐம்பதாம் லெவல் ஆகவேண்டும், அதுவரை எங்கு போனாலும் கால்நடைதான். அதனால், ரெண்டு காலும் நின்றால் 11 மாதிரிதானே என்று, அவனுக்குப் 'பதினொண்ணாம் நம்பர்' என்று பெயர் வைத்துவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

ஓட்டக் கற்றாரே தவிர அடிக்கடி சாவார். வில்லாளி ஓநாயிடம் மாட்டிக் கீழே விழுந்ததும் அறையிலிருந்து குரல் வரும்: "மாப்பிள்ளை, போயிட்டேன்! வந்து எழுப்பி விடுங்க!" அவன் பெரியவனை அழைத்துக்கொண்டு அந்தக் காட்டுக்குப் போய்க் கை வைக்க வேண்டும். கோட்டைச் சண்டை நடுவில் இருந்தால் ஹெட்ஃபோனைக் கழற்றாமலே கத்துவான்: "அங்கேயே கிடங்க மாமா, வரேன்!"

மனைவி முதலில் முகம் சுளித்தாள். "என்னங்க இது, அப்பாவப் போய்க் கிடங்கன்னுட்டு!" பிறகு அவளுக்கும் பழகிவிட்டது. வீட்டில் யாராவது நேரமாக்கினால் அதையே சொல்லிச் சிரிக்கும் அளவுக்குப் பழகிவிட்டது.

அன்று மத்தியானமும் கோட்டைச் சண்டை. தொடங்குவதற்கு முன் மாமனாருக்குக் காபி கொண்டுபோய் வைத்தான். திரையில் வில்லாளி ஓநாய்க் காட்டின் கோடியில் இருந்தான்.

"இன்னும் ஒரு லெவல்தான் மாப்பிள்ளை. இன்னிக்கு ஏத்திடுவேன். கோட்டைக்கு ரெடியா இருங்க."

"பாக்கலாம் மாமா," என்றான். அடுத்து எந்த வண்டியைக் கொடுப்பது என்று அப்போதே மனதில் ஓடியது. அதையும் இப்போது நினைத்துக்கொண்டான்.

சண்டை உச்சத்தில் இருந்தபோது குரல் வந்தது. "மாப்பிள்ளை... போயிட்டேன் போலிருக்கு. கொஞ்சம் வாங்களேன்."

"அங்கேயே கிடங்க மாமா, வரேன்!"

இரண்டாம் முறை குரல் வரவில்லை. கோட்டை விழுந்தது. "ஜெயிச்சாச்சு மாமா!" என்று கூவிக்கொண்டே அந்த அறைக்குள் போனான். மாமனார் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கை மடியில் கிடந்தது. லேப்டாப் திரை சும்மா இருந்து சும்மா இருந்து கருத்துப்போயிருந்தது.

வந்த மருத்துவர், "பக்கத்துல யாரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

அப்போதிலிருந்து அவன் மனதில் ஒரே ஒரு கேள்வி. மாமனார் சொன்னது எந்தச் சாவு? அந்த விளையாட்டில் செத்தவன், வேறொருவர் வந்து எழுப்பும்வரை செத்த இடத்திலேயே கிடப்பான். கணினியை அணைத்தாலும் கிடப்பான். இப்போது திறந்து பார்த்தால் வில்லாளி காட்டில் விழுந்து கிடக்க வேண்டும். கிடந்தால், வழக்கம்போல அவனுக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார். நெஞ்சுவலி அதற்குப் பிறகு வந்தது. தன்மேல் குற்றம் இல்லை. கிடக்கவில்லை என்றால்...

லேப்டாப்பைச் சித்தப்பா மூடி அலமாரி மேல் வைத்துவிட்டார். சாவு வீட்டில் ஆள் நடமாட்டத்துக்கு நடுவே அதை எடுத்து விளையாட்டைத் திறப்பவனை என்னவென்று சொல்வார்கள்? அந்தச் சாக்கு அவனுக்கு வசதியாக இருந்தது. எவ்வளவு பார்க்க விரும்பினானோ அவ்வளவு பயந்தான்.

மறுநாள் காலை, அமரர் ஊர்தி வரக் காத்திருந்த நேரத்தில், கண்டக்டர் அவனிடம் தானாகப் பேச ஆரம்பித்தார்.

"ஒரு தடவ, தம்பி, அண்ணனுக்குக் கொதிக்கிற காய்ச்சல். லீவு போடுன்னா கேக்கல. கடைசி ட்ரிப்புல கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருக்கு. எங்கிட்ட மூச்சு விடல. டிப்போவுக்குள்ள கொண்டாந்து, வண்டிய வரிசையில விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவிய என் கையில குடுத்தாரு பாருங்க. குடுத்துட்டு அப்படியே சரிஞ்சாரு. 'ஏன்ணே, வழியிலயே நிறுத்தியிருந்தா என்ன'ன்னு ஆஸ்பத்திரியில கேட்டேன். 'வண்டிய நடுரோட்டுல விட்டுட்டு இறங்கறவன் டிரைவராடா'ன்னு என்னையே திட்டுறாரு!"

சித்தப்பா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். மனைவியும் சிரித்தாள். மருமகனின் பார்வை மட்டும் அலமாரிப் பக்கம் போயிற்று.

எரியூட்டும் இடத்தில் கதவு மூடுவதற்கு முன், "மாப்பிள்ளை, நீங்க ஒருதரம் தொட்டுக் கும்பிட்டுக்கங்க," என்றார் சித்தப்பா. அவன் மாமனாரின் வலக்கையைத் தொட்டான். சுட்டுவிரல் நுனி தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஸ்டியரிங் பிடித்த கைக்கு உள்ளங்கைதான் காய்த்திருக்கும். விரல் நுனியை வழவழப்பாக்கியது அவனுக்காக அடித்த பன்றிகள்.

வீட்டுக்குத் திரும்பியதும் கூட்டம் கரைந்தது. கண்டக்டர் கடைசியாகப் போனார். மனைவி அடுப்படியில் இருந்தாள். அவன் அறைக்குள் போய் அலமாரி மேலிருந்து லேப்டாப்பை இறக்கினான். மாமனாரின் நாற்காலியில் உட்கார மனம் வராமல் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து திறந்தான்.

செத்துக் கிடக்கணும் மாமா, என்று மனதார வேண்டிக்கொண்டான். ஒருவன் சாவுக்காக இப்படி உருகி வேண்டியது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திரை வெளுத்தது. காடு வரவில்லை. சத்திரம் வந்தது.

கணப்பில் தீ எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், முதுகைச் சுவரில் சாய்த்து, வில்லைத் தரையில் வைத்துவிட்டு வில்லாளி உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் பதினொண்ணாம் நம்பர் என்ற பெயர். உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சிவப்புக் கோடு முழுசாக நிறைந்திருந்தது, ஒரு கீறல் இல்லை.

மாமனார் முன்பு ஒருதரம் அவனைக் காட்டிலேயே விட்டுவிட்டுச் சாப்பிட எழுந்து போயிருந்தார். ஓநாய்கள் கடித்துக் கவசமெல்லாம் போயிற்று. அன்று மருமகன் எரிந்து விழுந்தான். "எத்தன தடவ மாமா சொல்றது? எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி சத்திரத்துல கொண்டாந்து விடுங்கன்னு! இதுகூடத் தெரியலன்னா எதுக்கு விளையாடறீங்க?" மாமனார் தலையைக் குனிந்துகொண்டு, "டிப்போவுல விட்டிருக்கணும், தப்புதான் மாப்பிள்ளை," என்றார்.

ஓநாய்க் காட்டின் கோடியிலிருந்து சத்திரத்துக்கு நல்ல தூரம். ஆற்றைச் சுற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி, மேட்டில் ஏற வேண்டும். குதிரை இருந்தால் சீக்கிரம் வந்துவிடலாம். குதிரைக்கு இன்னும் ஒரு லெவல் பாக்கி இருந்தது. அவ்வளவு தூரமும் நடத்திக் கொண்டுவந்து, உட்கார வைத்து, அப்புறம்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"இதுவா அப்பாவோட வண்டி?"

மனைவி இரண்டு டம்ளரோடு வாசலில் நின்றாள். வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையை மூடத் தோன்றியது, கை வரவில்லை.

"ம்."

"என்ன பண்றாரு?"

"உக்காந்திருக்காரு."

"நல்லாத்தான் உக்காந்திருக்காரு," என்றாள். வில்லாளி கையை நீட்டித் தீயில் காட்டினான், மறுபடி மடக்கிக்கொண்டான். சும்மா விட்டால் அவன் அப்படித்தான் செய்துகொண்டிருப்பான்.

"கூப்பிட்டாரு," என்றான் அவன்.

அவள் ஒரு டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"போயிட்டேன் போலிருக்கு, வாங்களேன்னாரு. நான் எப்பவும்போல..."

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. எப்பவும்போல என்ன சொல்வான் என்பது அந்த வீட்டில் யாருக்குத் தெரியாது? அவள் கையிலிருந்த டம்ளர் ஆடி, காபி கொஞ்சம் விசைகளின் மேல் சிந்தியது. அவள் பதறிக்கொண்டு முந்தானையால் துடைத்தாள். எந்த விசை அழுந்தியதோ, வில்லாளி எழுந்து நின்றான். தரையிலிருந்த வில்லை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்து எங்கே போகவேண்டும் என்று கேட்பவன்போல, அவர்கள் இருவர் பக்கமும் பார்த்தபடி நின்றான்.