ஒரு சாண்

மூன்றாம் நாள் காலை ஒன்பதேமுக்காலுக்கு வண்டி வீடு வந்தது.

லோடு ஆட்டோவின் பின்பலகையைச் சின்னுசாமி இறக்கினார். தனப்பிரியா கைகொடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மோட்டார் சைக்கிளை உருட்டி இறக்கினார்கள். இடப்பக்கக் கால்மிதி வளைந்து உள்ளே போயிருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடி இல்லை. டேங்கின் மேல் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பால்கேன் மாட்டும் இரும்புக் கொக்கிகள் பின்சீட்டின் இருபுறமும் அப்படியே இருந்தன.

அவள் முன்விளக்கைப் பார்த்தாள். அதில் கீறல்கூட இல்லை.

கேன்களையும் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார்கள் என்று சின்னுசாமி சொன்னார். ஒன்று நசுங்கியிருந்தது. இன்னொன்றுக்கு மூடி இல்லை. இரண்டையும் அவர் தண்ணீர்த் தொட்டியின் ஓரமாகக் கவிழ்த்து வைத்தார். புளித்த பால் வாடை வந்தது.

வீட்டில் ஆண்கள் இல்லை. தம்பி சந்திரசேகரும் பங்காளிகளும் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். அப்பா வளர்த்த மாட்டின் பால்தான். விடிகாலையில் தனப்பிரியா கறந்து சொம்பில் ஊற்றிக் கொடுத்திருந்தாள். உள்ளே, அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கருமாதி முடியும் வரை அது அணையக் கூடாது. அம்மா சௌந்திரம் எண்ணெய்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாட்களாக அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்பா குழந்தைவேல் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு, இருட்டு பிரியும் முன், சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் வழியில் இறந்தார். சங்ககிரி ரோட்டில் குச்சிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் பஞ்சராகி நின்றிருந்தது. டிரெய்லருக்குப் பின்விளக்கு கிடையாது. பின்பலகையில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகிவிட்டு டிரைவர் ஆள் தேடிப் போயிருந்தான். குழந்தைவேல் ஹெல்மெட் போட்டிருந்தார். அடி கழுத்தில்.

விளக்கின் சுவிட்ச் அணைத்த நிலையில் இருந்தது.

முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவன் இருட்டில் விளக்கில்லாமல் போவானா என்பதுதான் இழவுக்கு வந்த எல்லோருடைய பேச்சும். பல்பு பீஸ் போயிருக்கும், எரியாததற்குச் சுவிட்ச் எதற்கு என்று அணைத்திருப்பான் என்று பந்தலில் யாரோ சொன்னார். அது பெண்கள் பக்கமும் வந்தது. புது பல்பை மகள்தான் வாங்கி மாட்டினாள் என்பது ஊருக்கே தெரியும். அவர்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாரக்காள் அத்தை, தம்பியின் முகத்தைப் பார்த்தபடி, "இருந்த பல்பு எரிஞ்சுட்டுத்தான இருந்துச்சு" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு அதே அத்தைதான் தனப்பிரியாவைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போய், வாயருகே டம்ளரைப் பிடித்துக் காப்பி குடிக்க வைத்தாள். தலையைக் கோதிவிட்டாள். அந்தக் கை தலையில் இருந்த நேரமெல்லாம் அத்தை சொன்ன சொல்லையே தனப்பிரியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பல்பை மாட்டியது கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு கண்ணில் புரை எடுத்த பிறகு அப்பா லாரியை விட்டுவிட்டு இரண்டு மாடு வாங்கி, அக்கம்பக்கத்துப் பாலையும் சேர்த்துச் சொசைட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. குழியில் விட்டு ஒரு கேன் பாலைக் கொட்டிவிட்டார் என்று அம்மா போனில் சொன்னாள். அப்பா சொல்லவில்லை. தனப்பிரியாவுக்குத் திருச்செங்கோட்டில், போர் போடும் ரிக் வண்டிகளின் உதிரிபாகக் கடையில் வேலை. பக்கத்துக் கடையில் எல்ஈடி பல்பு வாங்கினாள். மாட்டுவது எப்படி என்று செல்போனில் மூன்று முறை பார்த்தாள்.

முன்விளக்கின் வளையத்தில் இரண்டு திருகுதான். ஒயரைப் பிடுங்கி, ரப்பர் மூடியை உருவி, கம்பி ஸ்பிரிங்கை அழுத்தினால் பழைய பல்பு கையோடு வந்தது. புதியதன் பின்னால் சின்ன விசிறி இருந்தது. அதனால் ரப்பர் மூடவில்லை. பிளேடால் அதன் விளிம்பை வெட்டினாள். அப்பா பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ற கண்ணு ஆபரேசனுக்கே இத்தன நேரம் ஆவல" என்றார்.

மாட்டியதும் வேலை முடிந்துவிடாது என்பது அவளுக்குத் தெரியும். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காதபடி வெளிச்சத்தை இறக்கி வைக்க வேண்டும். துவைக்கிற கல்லுக்கு நேராக வண்டியை நிறுத்தினாள். அங்கிருந்து மாட்டுக் கொட்டகையின் சுவர் இருபத்தைந்து அடி. விளக்கின் உயரத்துக்கு இரண்டு விரல் கீழே கரித்துண்டால் சுவரில் கோடு போட்டாள். அப்பா கீழே நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டில் உட்காரும் வரை அவள் அடித்திருகைத் திருப்பினாள்.

பகலாட்ட இருக்குது என்றார் அப்பா.

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தார். கடையில் கூட்டமாக இருந்தது. "அந்த லைட்டு கொஞ்சம் ஒசந்து நிக்குதா சாமி?" என்றார்.

"கோடு போட்டுத்தானுங்ப்பா வெச்சேன். செரியாத்தான் இருக்கும்."

"அப்பச் செரி" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சின்னுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அவரும் அப்பாவும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். இப்போது இந்த லோடு ஆட்டோ வைத்திருக்கிறார். மூன்று நாட்களாக ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் என்று அலைந்தது அவர்தான்.

"லைட்டப் பத்தி என்ன எழுதியிருக்கறாங்க மாமா?"

ஆர்டிஓ ஆபீசிலிருந்து வந்து பிரேக்கை அழுத்திப் பார்த்ததைத்தான் பார்த்தேன், எழுதியது தெரியாது என்றார்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணும்."

"இப்ப எதுக்கு அம்மிணி. காரியமெல்லாம் முடியட்டும்."

"பாக்கோணுங் மாமா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஆட்டோவிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்து வந்து கால்மிதியை நெம்பி நிமிர்த்தினார். முன்சக்கரத்தைக் காலிடையில் பிடித்து ஹேண்டில்பாரை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் நேராத்தான் இருக்குது என்றார். தனப்பிரியா வண்டியைத் துவைக்கிற கல்லுக்கு நேராகத் தள்ளிக்கொண்டு போனாள். கொட்டகையின் உட்சுவரில் வெயில் விழுவதில்லை. கரிக்கோடு அழியாமல் இருந்தது.

மூன்றாவது உதைக்கு எஞ்சின் பிடித்தது. படுத்திருந்த மாடுகளில் ஒன்று எழுந்து நின்று வாசல் பக்கம் தலையைத் திருப்பியது. தினமும் அந்தச் சத்தம் வந்த பிறகுதான் அதற்குத் தீவனம் வைப்பார்கள்.

அவள் சுவிட்சைத் தள்ளினாள்.

சுவரில் வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது. மேல்விளிம்பு சரியாகக் கோட்டில் இருந்தது. அணைத்தாள். மறுபடி போட்டாள். எரிந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

சின்னுசாமி சிரித்துவிட்டார். மூன்று நாளில் அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை.

"பீஸ் போகல பாத்தியா. எனக்குத் தெரியும். அவனேதான் அமத்தியிருப்பான்."

"அமத்தியா?"

உங்கப்பனைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று ஆரம்பித்தார். கோயமுத்தூர் ரோட்டில் எதிரே எந்த வண்டி வந்தாலும் முதலில் விளக்கை இறக்குவது குழந்தைவேலாகத்தான் இருக்கும். எதிராளி இறக்காமல் வந்தாலும் இவர் ஏற்றமாட்டார். விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டச் சொல்லி யாரும் கேட்காத வருடங்களிலும் ஒட்டியவர். எதிரே ஓட்டி வருகிறவனும் தூங்காமல் வருகிறவன்தானே என்பார். பக்கத்து சீட்டில் இருந்து சின்னுசாமி அதற்காகவே அவரை வாருவார்.

"எதுக்கால வாரவனெல்லாம் உனக்குச் சம்பந்தியாடா, கண்ணு கூசுனாக் கோவிச்சுக்குவானான்னு கேப்பேன். கேக்க மாட்டான். போன வாரம் சொசைட்டிகிட்ட டீக் குடிக்கறப்பச் சொன்னான். டிம்முல போட்டாலும் எதுக்கால வாரவன் மூஞ்சியிலயே அடிக்குதாம். அவனவன் லைட்டப் போட்டுப் போட்டுக் காட்டி வஞ்சுட்டுப் போறானாம். அதனால பெரிய வண்டி வந்தா, தாண்டற வரைக்கும் அமத்திக்கறேன்னான். பைத்தியமாடான்னேன். நாலு எண்ணறதுக்குள்ள போயிருதுன்னான்."

தனப்பிரியா எழுந்தாள். "மூஞ்சியில அடிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லலீங்களே."

"புள்ளகிட்டச் சொல்லி எறக்கி வெய்யின்னு நானே சொன்னேன். கேட்டானாம். நீ…"

நிறுத்திக்கொண்டார். குனிந்து கால்மிதியைத் தடவிப் பார்த்தார். அது ஏற்கெனவே நேராக இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள். வெளிச்சம் கோட்டில்தான் இருந்தது. மயிரிழை மேலே இல்லை. பிறகு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அந்தக் கொக்கிகளை.

தொட்டிக்குப் போனாள். நசுங்கிய கேனை முக்கினாள். காற்று குமிழியிட்டு வெளியேறும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருபது லிட்டர். தூக்க முடியவில்லை. சின்னுசாமி வந்து வாங்கிக்கொண்டார். இடப்பக்கக் கொக்கியில் மாட்டினார். வலப்பக்கத்துக்கு மூடியில்லாத கேனையும் நிரப்பி மாட்டினார். தண்ணீர் ததும்பிச் சக்கரத்தின் மேல் வழிந்தது. பின்ஸ்பிரிங் அமுங்கியது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அப்பாவின் எடையில் முக்கால்வாசிதான் இருப்பாள்.

சுவரில் வெளிச்சம் ஏறியது.

மேல்விளிம்பு கோட்டைத் தாண்டி ஒரு சாண் மேலே போய் நின்றது. கரிக்கோடு வெளிச்சத்துக்குள் கிடந்தது. அன்றைக்கு அவர் வண்டியில் உட்காரவில்லை. கேன் மாட்டவில்லை. பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார். காலி வண்டியை அவர் ஒரு நாளும் இருட்டில் ஓட்டியதில்லை.

இறங்கினாள். வெளிச்சம் சற்றே இறங்கியது. மறுபடி ஏறினாள். ஏறியது.

சின்னுசாமி கோட்டைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். திருகைக் கொஞ்சம் திருப்பினால் போதுமே என்று சொல்ல வந்தவர்போல வாயைத் திறந்தார்.

மாடு கத்தியது.

நிலைப்படியில் சௌந்திரம் வந்து நின்றாள். மூன்று நாளில் இப்போதுதான் வாசலுக்கு வருகிறாள். வண்டிச் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். கையில் எண்ணெய்ப் புட்டி இருந்தது. வண்டியையும், அதன் மேல் உட்கார்ந்திருந்த மகளையும் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அவள் பார்வை கொட்டகைக்குள் போனது. சுவரில் விழுந்திருந்த வெளிச்சத்தில் நின்றது. முகம் மெல்லத் தளர்ந்தது. படியிறங்கி வந்து முன்விளக்கின் மேல் கையை வைத்தாள். விரல்களின் நிழல் சுவரில் பெரிதாக விழுந்தது.

"எரியுதே சாமி" என்றாள். "அப்ப உன்ற பல்புல ஒரு கொறையுமில்ல. உங்க அத்தைகிட்டச் சொல்லிப்போடட்டுமா?"