முழு லைன்

அந்த வீட்டில் மூன்று கம்ப்யூட்டர், ஒரே இன்டர்நெட் லைன். லைன் வந்து சேர்வது முன்னறையில் இருந்த மாமனாரின் மிஷினுக்கு. அங்கிருந்து சுவரில் ஓட்டை போட்டு, ஒரு வயர் மருமகளின் அறைக்கும் இன்னொன்று பிள்ளைகளின் அறைக்கும் போனது. பெரியவரின் மிஷின் ஓடினால்தான் மற்ற இரண்டுக்கும் உயிர். இதை மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் அவரிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மனிதர் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்று பயம். ஏற்கெனவே பகலெல்லாம் பாட்டு வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, மற்றவர்களைத் தவிக்க விடுகிற புண்ணியவான் அவர்.

இரண்டாவது பிரசவத்தோடு வேலையை விட்ட மருமகளுக்கு அன்றைக்குத் தேர்வு. வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கும் வேலை. எத்தனையோ கம்பெனிகள் கைவிரித்த பிறகு இது ஒன்றுதான் கூப்பிட்டிருந்தது. ஒரு முறைதான் நுழையலாம், நடுவில் லைன் அறுந்தால் அதோடு சரி என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

காலையிலேயே மாமனாரிடம் போய்க் கெஞ்சினாள்.

"மாமா, மத்தியானம் வரைக்கும் வீடியோ மட்டும் பாக்காதீங்க. எனக்குப் பரீட்சை."

"அட, நீ போய் எழுதும்மா. நான் ஏன் குறுக்க வரப்போறேன்?"

பிள்ளைகள் பள்ளிக்கும் கணவன் வேலைக்கும் போயிருந்தார்கள். கேள்விகள் எல்லாம் தெரிந்தவை. விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. இத்தனை நாள் தன்னை ஒன்றுக்கும் உதவாதவள் என்று நினைத்திருந்தது பொய்யாகிப்போனதில் அவளுக்கு அழுகையே வந்தது. பாதிக்கு மேல் முடித்திருப்பாள், அடுத்த கேள்வி வரவில்லை. வெள்ளைத் திரையில் வட்டம் மட்டும் சுற்றியது. வயரைப் பிடுங்கிச் செருகினாள். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். பிறகு முன்னறைக்கு ஓடினாள்.

மாமனாரின் திரை இருண்டு கிடந்தது. அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் பூரிப்பு.

"என்னம்மா, நல்லா வேகமா வருதா? வீடியோவ மட்டும் நிறுத்தினாப் போதுமா? மிஷின் அதுபாட்டுக்குக் கொஞ்சம் இழுத்துக்கிட்டுத்தானே இருக்கும்? அதான் அணைச்சே போட்டுட்டேன். அணைச்சா கெட்டுடும்னு உன் புருஷன் சொல்லி வச்சிருந்தான். கெட்டா கெட்டுட்டுப் போகுது, உனக்கு முழு லைனும் வரட்டும்!"

யாரைத் திட்டுவது? அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னதே அவள்தான். குனிந்து பொத்தானை அழுத்தினாள்.

"ஏம்மா, அதுக்குள்ள போடுற?"

"முடிஞ்சிருச்சு மாமா."

"அதுக்குள்ளயா! கெட்டிக்காரிம்மா நீ."

மிஷின் ஆடி அசைந்து எழுந்ததும் தன் அறைக்குப் போய் மறுபடி நுழைந்து பார்த்தாள். இந்தத் தேர்வில் மீண்டும் கலந்துகொள்ள இயலாது என்று ஒற்றை வரி வந்தது. நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தாள். அதே வரிதான்.

முன்னறையில் மாமனார் தன் மகளுக்குப் போன் போட்டிருந்தார்.

"உங்க அண்ணிக்கு வேலை கெடச்ச மாதிரிதான். எல்லாம் நான் லைன விட்டுக் குடுத்ததாலதான், தெரிஞ்சுக்கோ!"

அவள் கதவைச் சாத்தினாள். அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.